உத்தியோக முட்டாள்கள்

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. அலுவலக வேலைக்காரி மிசஸ் ஃபென் கணப்பில் நிலக்கரி போட மாடிக்கு வந்தபோது, ஜேபஸ் மார்ல் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தான்.

தூங்குகிறான் என்று நினைத்தாள். அதில் தப்பில்லை. அந்த அறையில் எத்தனையோ தேர்வுகளைத் தூங்கியே கழித்தவன் அவன். நிலக்கரியைச் சடசடவென்று கொட்டினாள். அசையவில்லை.

"எழுந்திரு ராசா. கீழ போனவங்க வந்துடுவாங்க" என்று தோளைத் தொட்டாள்.

உடம்பு அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. இடது கையிலிருந்த இறகுப் பேனா தரையில் விழுந்தது. மிசஸ் ஃபென் போட்ட அலறலில்தான் தேர்வு மேற்பார்வையாளர் கண் விழித்தார்.

1863 ஜனவரி. லண்டனில் ஆற்றோரம் பனிக்கட்டி மிதந்த வாரம். இடம், பீப்பாய் முத்திரை இலாகா. சாராயப் பீப்பாய்களை அளந்து முத்திரை குத்துவதற்கு ஒரு மாளிகை, அந்த மாளிகைக்கு நாற்பது குமாஸ்தாக்கள், குமாஸ்தாக்களுக்கு மேலே ஒரு தலைமை குமாஸ்தா. அவர் மிஸ்டர் எட்மண்ட் லாஷ்.

மூன்று மணிக்கு ஸ்காட்லாந்து யார்டிலிருந்து இன்ஸ்பெக்டர் சைலஸ் ரட் வந்து சேர்ந்தார். குட்டையான மனிதர், நெடுநாள் சளி, பேச்சு குறைவு. போலீஸ் டாக்டர் ஜன்னலோரம் நின்று உதட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர்?"

"பேனாவோட மேல் நுனியை நாக்குல லேசா வெச்சுப் பாத்தேன். அரை மணியாச்சு, உதடு இன்னும் என்னோடதா இல்ல. வச்சநாபி விஷம். மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலத்துல இருக்குமே, அது. கெட்டியா பூசிக் காய வெச்சிருக்காங்க. இவன் காலையிலேர்ந்து நுனியைக் கடிச்சுக் கடிச்சே உள்ள இறக்கிட்டான்."

"ஒண்ணும் தெரியலையா அவனுக்கு?"

"உதடு மரத்திருக்கும். இந்தக் குளிர்ல யாருக்குத்தான் மரக்கல?"

ரட் பேனாவைக் கைக்குட்டையில் எடுத்தார். தண்டின் மேல் பாதி முழுக்கப் பல் தடம். நுனியில் மிச்சம் விட்டிருந்த தூவி கருகினாற்போல் லேசாகச் சுருண்டிருந்தது. பேனாவை வெளிச்சத்தில் பிடித்து அதன் வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையில் வைத்துக்கொண்டார்.

அறையில் மூன்று மேசைகள், காலியாக இருப்பது ஒரே ஒரு வேலை. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கொலையைப் புரிந்துகொள்ள முடியாது.

முன்பெல்லாம் அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் ஒரு பிரபுவின் சிபாரிசு போதும். பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்பதே மரியாதைக் குறைவு. பிறகு சீர்திருத்தம் வந்தது. சிபாரிசு இருக்கட்டும், ஆனால் ஒரு இடத்துக்குக் குறைந்தது மூன்று பேரைச் சிபாரிசு செய்து போட்டி வைக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். நல்ல ஆணைதான். மூன்று பேர் வேண்டும் என்றது. மூன்று பேருக்கும் மூளை வேண்டும் என்று சொல்லவில்லை. அவ்வளவு போதாதா நம்ம ஆட்களுக்கு? வேண்டிய பையன் ஒருவன், அவனுக்குத் துணையாகத் தோற்பதற்கென்றே இரண்டு முட்டாள்கள். பையன் ஜெயிப்பான். சட்டமும் ஜெயிக்கும். முட்டாள்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அடுத்த தேர்வுக்குக் காத்திருப்பார்கள்.

பீப்பாய் இலாகாவின் நிரந்தர முட்டாள்கள் இரண்டு பேர். ஒருவன் ஜேபஸ் மார்ல். மற்றவன் தியோ ஸ்னெல். அன்றைக்கு வேண்டிய பையன் பெரிக்ரின் ஹாலோ. அவன் மாமா, ஆளும் கட்சிக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுக்கிற பெரிய சாராயக்காரர்.

ரட் முதலில் ஹாலோவைக் கூப்பிட்டார். வெளுத்த முகம், பட்டுக் கழுத்துத் துணி. உட்கார்ந்ததும் கட்டைவிரல் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான். அவன் மேசையிலிருந்த பேனாவும் நாய் வாயில் அகப்பட்ட எலும்பு மாதிரிதான் இருந்தது.

"பேனா கடிக்கிற பழக்கமோ?"

"சின்ன வயசுலேர்ந்தே சார். பேனா, நகம், கையுறை... எதுவும் தப்பாது. இங்க எல்லாருக்கும் தெரியும். போன மாசம் வேலை பழக வந்தப்பவே கிண்டல் பண்ணாங்க." சட்டென்று விரலை எடுத்தான். "சார், அந்த விஷம் எனக்கு வெச்சதா?"

"எதுக்கு அப்படிக் கேக்கறீங்க?"

"பின்ன? மார்லை எவன் கொல்லுவான்? அவனால யாருக்கு என்ன? ஜெயிக்கப் போறவன் நான்தானே."

அதே கேள்வியை மிஸ்டர் லாஷ் இன்னும் அழகாகக் கேட்டார். நரைத்த கிருதா, மடிப்புக் கலையாத கோட்டு. சிரித்தே பழகாத முகம்.

"இன்ஸ்பெக்டர், இது ரொம்ப எளிமையான விஷயம். பேனாக்களை மேசையில வெச்சது மிசஸ் ஃபென். விஷத் தைலம் அவளோடது, முட்டிவலிக்குத் தேய்க்கிறா. பக்கத்து அறையில கணப்புக்கு மேல இருக்கிற அலமாரியிலதான் பாட்டில். பாதி காலி. அவ மகனுக்கு இங்க குமாஸ்தா வேலை வேணும்னு வருஷக் கணக்கா என் உயிரை எடுக்கறா. சிபாரிசுக்கு ஆள் இல்ல, நான் என்ன செய்யட்டும்? அந்தக் காய்ச்சல்ல ஹாலோவுக்கு விஷம் வெச்சா. மேசை மாறிப் போச்சு."

"மாறிப் போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மார்லுக்கு எவனாவது விஷம் வெப்பானா? அவன் முட்டாள், இன்ஸ்பெக்டர். சர்க்காரே ஒப்புக்கிட்ட முட்டாள். இடது கையால எழுதறவன் வேற. அதைப் பாத்துத்தான் நான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்."

"அவன் தாளைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"செத்தவன் போட்டியில இல்ல. அவன் தாளைப் பிரிக்கிற வழக்கம் இல்ல" என்று லாஷ் மேசை இழுப்பறையைப் பூட்டினார்.

மிசஸ் ஃபென் பயந்துகொண்டே வந்தாள். ஐம்பதைத் தாண்டிய விதவை. பயம் நடையில்தான் இருந்தது, வாயில் இல்லை.

"என்னைத் தூக்குல போடப் போறீங்களா சார்?"

"உக்காருங்கம்மா. பேனாக்களை நீங்கதான் வெச்சீங்களா?"

"நான்தான். எப்பவும் நான்தான். ரெண்டு மேசைக்குச் சாதா பேனா. அந்த மார்லுக்குன்னு வலது றெக்கை இறகுல ஒண்ணு தனியா வாங்கணும். இடது கைக்காரனுக்கு அதோட வளைவுதான் தோதாம். அந்தத் துரைக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்! என்னத்தை எழுதிக் கிழிச்சான்? பேனா போன மாதிரியே திரும்பி வரும், மை கூட நுனியில ஒரு பொட்டுதான். வாயில வெச்சதே கிடையாது. கழுவிட்டு அடுத்த தேர்வுக்கு அதையே வெப்பேன். ஒரே பேனால அவன் எத்தனை தேர்வு தோத்திருக்கான்னு கேளுங்க!"

சொல்லி முடித்ததும் அழுதாள். "பாவம் சார். நல்ல பையன். என் முட்டிவலி எப்படியிருக்குன்னு கேக்கற ஒரே ஆளு இந்தக் கட்டடத்துல அவன்தான்."

"பேனா வெச்சப்புறம் இங்க யார் யார் வந்தாங்க?"

"மிஸ்டர் ஸ்னெல்தான் முதல்ல. அதோ, பக்கத்து அறைக் கணப்புகிட்ட குத்தவெச்சுக் கையைக் காட்டிக்கிட்டு இருந்தாரு. நான் கீழே கரி அள்ளப் போனேன். அப்புறம் மார்ல். கடைசியா அந்த ஹாலோ, மிஸ்டர் லாஷ் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"ஸ்னெலும் மார்லும் ஒரே அறையில குடியிருக்கறவங்கதானே? தனித்தனியாவா வந்தாங்க?"

"ஆமா, இன்னிக்குத் தனித்தனியாத்தான். எப்பவும் ஜோடியாத்தான் வருவாங்க. நானும் 'என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா'ன்னு கேட்டேன். ஸ்னெல் சிரிச்சாரு."

"உங்க பையன் விஷயத்துல உங்களுக்குக் கோபம் இருந்துதா?"

"இல்லாம? என் நெட் மனக்கணக்குல புலி சார். இங்க இருக்கிற நாற்பது பேரையும் நிக்க வெச்சுக் கேள்வி கேப்பான். ஆனா சிபாரிசு இல்லாம இந்தக் கதவுக்குள்ள கால் வைக்க முடியாது. கோபம் இருந்துது. அதுக்காகக் கொலை பண்ணுவேனா? தூக்கு மேடையில நின்னுட்டா அவனுக்கு இங்க வேலை குடுத்துடுவாங்களா?"

ரட் எழுந்தார். அவள் விடவில்லை.

"இன்னொண்ணு சார். நேத்து சாயங்காலம் மிஸ்டர் ஸ்னெல், மிஸ்டர் லாஷ் அறைக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல மிஸ்டர் லாஷ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற சத்தம். அவர் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. பயந்துட்டேன். எதுக்குச் சொல்றேன்னா... எல்லாத்தையும் சொல்லச் சொன்னீங்களே."

மேற்பார்வையாளரிடம் கேட்க அதிகம் இல்லை. தூங்குகிற மனிதருக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒன்றைச் சொன்னார்.

"அந்த மார்ல் என்னை எழுப்பிட்டான் சார். பதினோரு மணி இருக்கும். இன்னொரு தாள் வேணும்னான்."

"எதுக்கு?"

"எழுதறதுக்குத்தான். குடுத்தது தீந்துபோச்சாம்."

தியோ ஸ்னெல் உருண்டை முகம், எப்போதும் பாதி திறந்த வாய். இடைவேளையில் தின்ற கொட்டைப் பருப்பின் மிச்சம் இன்னும் அவன் சட்டைப் பையில் சலசலத்தது.

"நானும் அவனும் ஒரே அறைதான் சார். லாம்பெத்துல. மேல் மாடி, ஒரே மேசை, ஒரே ஜன்னல். என் சொந்த அண்ணன் மாதிரி."

"தேர்வுக்குப் படிச்சானா?"

"யாரு, மார்லா?" ஸ்னெல் சிரித்தான். "புத்தகம்னா தலகாணிக்கு அடியில வெக்கறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தான். அவன் கையில நான் பேனாவையே பாத்ததில்ல சார், இந்த அறையைத் தவிர."

"நேத்து மிஸ்டர் லாஷ்கிட்ட என்ன சொன்னீங்க?"

வாய் ஒரு கணம் மூடியது.

"சும்மா ஒரு ஜோக் சார்."

"நல்ல ஜோக்கா?"

"ரொம்ப நல்ல ஜோக் சார்."

அன்று மாலையே மேலிடத்து உத்தரவு வந்தது. மிசஸ் ஃபென்னைக் கைது செய்தார்கள். ரட் வாதாடிப் பார்த்தார். அவருடைய மேலதிகாரிக்கு மந்திரி அலுவலகத்திலிருந்து யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: இலாகா பெயர் பத்திரிகையில் வரக் கூடாது, விதவையோடு விஷயம் முடியட்டும். முட்டாள்கள் ஏற்பாடு வெளியில் தெரிந்தால் எத்தனை பேர் மானம் போகும்! அதைவிட ஒரு கிழவியின் கழுத்து மலிவு.

"நாளைக்கு மத்தியானம் மாஜிஸ்டிரேட் முன்னால நிறுத்தறோம். உனக்கு அதுவரைக்கும் நேரம் இருக்கு ரட். அதுக்கு மேல உன் சளியோட வீட்டுக்குப் போ" என்றார் மேலதிகாரி.

மறுநாள் விடிந்ததும் ரட் லாம்பெத்துக்குப் போனார். ஸ்னெல் வெளியே போயிருந்தான். வீட்டுக்காரி கதவைத் திறந்துவிட்டாள். நாலு எட்டில் முடிந்துபோகிற அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரே மேசை. ஒருவன் மேசையில் உட்கார்ந்தால் இன்னொருவன் கட்டிலில்தான் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மேசையில் இருப்பவனின் காது மயிர் கூடத் தெரியும்.

மார்லின் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பூட்ஸ். அதற்குள் ரட் கைவிட்டார். ஒரு பிடி இறகுப் பேனாக்கள் வந்தன. எல்லாம் ஒரே பக்கம் வளைந்தவை. எல்லாம் நுனியிலிருந்து பாதி வரைக்கும் கடித்துச் சப்பி நாராகியிருந்தன.

ரட் அவற்றை எண்ணிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பான் அந்தப் பையன்!

பத்து மணிக்குத் தேர்வு அறையில் எல்லோரும் கூடினார்கள். லாஷ், ஹாலோ, ஸ்னெல், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் மிசஸ் ஃபென்.

"சீக்கிரம் முடிங்க இன்ஸ்பெக்டர். இன்னிக்கே நியமன உத்தரவு அனுப்பணும்" என்றார் லாஷ்.

"ஒரே ஒரு காரியம் சார். மிஸ்டர் ஹாலோ, இந்தப் பேனாவைப் பிடிச்சு உங்க பேரை எழுதுங்க. பயப்படாதீங்க, அதே மாதிரிதான், அது இல்ல."

ஹாலோ வலது கையில் வாங்கினான். இரண்டு எழுத்து எழுதுவதற்குள் இறகு அவன் கண்ணுக்கு நேரே வளைந்து வந்து உறுத்தியது. முகத்தைத் திருப்பினான். "இது என்ன சனியன்? இதால எழுதவே முடியாது."

"முடியாது. அது இடது கைக்காரன் பேனா. விஷம் பூசின பேனாவும் இதே வளைவுதான். மேசை மாறிப் போகல மிஸ்டர் லாஷ். ஹாலோவைக் கொல்ல நினைக்கிறவன் ஹாலோ கையில பிடிக்கவே முடியாத பேனாவுல விஷம் வெப்பானா? குறி மார்லுக்குத்தான். முதல்லேர்ந்தே மார்லுக்குத்தான்."

"கிழவியே மார்லைக் கொன்னாள்னு வெச்சுக்குங்களேன்!"

"மிசஸ் ஃபென்னுக்குத் தெரிஞ்ச மார்ல் பேனாவை வாயில வெக்கவே மாட்டான். உங்களுக்குத் தெரிஞ்ச மார்லும் அப்படித்தான். இந்த அறையில அவனைப் பாத்த யாருக்குமே அப்படித்தான். வாயில வெக்காதவன் பேனாவுல எவனாவது விஷம் பூசுவானா? யோசிக்கிறவன்தான் பேனாவைக் கடிப்பான். நேத்து மார்ல் யோசிச்சான். தாள் தீந்துபோய் இன்னொண்ணு கேட்டான். அவன் ஜெயிக்கறதுக்காக எழுதிக்கிட்டு இருந்தான் சார்."

மிசஸ் ஃபென் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் யோசிச்சா கடிப்பான்னு தெரிஞ்சவன், அவன் யோசிச்சதைப் பாத்தவனா இருக்கணும்." ரட் கோட்டுப் பையிலிருந்து கடிபட்ட பேனாக்களை எடுத்து ஸ்னெலின் முன் வைத்தார். "அவன் கையில பேனாவையே பாத்ததில்லன்னு சொன்னீங்க. உங்க கட்டிலுக்கு ஒரு முழத்துல உக்காந்து இத்தனையையும் கடிச்சிருக்கான். கண்ணை மூடிக்கிட்டா இருந்தீங்க?"

"சார், நான்... நான் சீக்கிரம் தூங்கிடுவேன்."

"நேத்து மட்டும் சீக்கிரம் எழுந்து தனியா வந்தீங்க. மிசஸ் ஃபென் கரி அள்ளப் போனாங்க. அலமாரியில தைலம் இருந்துது. பூசினதைக் காய வெக்கணும், நேரம் இல்ல. கணப்புல காட்டினீங்க. கையை மட்டும் காட்டல. இறகுத் தூவி சூட்டுல சுருண்டிருக்கு."

ஸ்னெல் பேனாக்களைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் ரட். "நீங்க கொல்ல வேண்டியதே இல்லையே. மிஸ்டர் லாஷ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மார்ல் பேரை அடிச்சிருப்பார். அவ்வளவுதான் வேலை. ஏன் சொல்லலைன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். காலையிலதான் புத்திக்கு எட்டிச்சு. நீங்க சொன்னீங்க. முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சொன்னீங்க. மிஸ்டர் லாஷ், உங்களை அப்படிச் சிரிக்க வெச்ச ஜோக் என்ன?"

லாஷின் முகம் வெளிறியது.

"சொல்லுங்க சார்."

"அவன் வந்து... 'மார்ல் படிக்கிறான், ஜெயிக்கப் போறான்'னான்."

"நீங்க?"

"சிரிச்சேன்." லாஷ் கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டார். "யாரா இருந்தாலும் சிரிச்சிருப்பாங்க. மார்ல் படிக்கிறானாம்!"

ஸ்னெல் அழத் தொடங்கினான். சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டே அழுதான்.

"முதுகுல தட்டி அனுப்பிட்டாரு சார். நான் மறுபடி மறுபடி சொன்னேன். நிஜம் சார், சத்தியம் சார்னேன். இன்னும் சிரிச்சாரு. நான் சொன்னா யாரு நம்புவாங்க? முட்டாளா இருக்கறது எங்க வேலை சார். வேலைதான், பொறப்பு இல்ல. அது எல்லாருக்கும் மறந்துபோச்சு."

"எதுக்கப்பா கொன்னே?"

"அவனுக்கு அடுத்த வாரம் இருபத்தஞ்சு முடியுது. வயசு தாண்டிட்டா அப்புறம் எந்தச் சிபாரிசும் செல்லாது. 'இதுதான் கடைசி, ஒரே ஒரு தடவை நிஜமா எழுதிப் பாக்கறேன்டா'ன்னான். நான்தான் சார் ராத்திரியில அவனுக்குக் கணக்குக் கேள்வி கேப்பேன். நல்லா போடுவான். போகப்போக எனக்கு வயித்துல கல்லு. எனக்கு ஏப்ரல்ல இருபத்தஞ்சு. மார்ச்சுல ஒரு இடம் காலியாகுது. அது எனக்குன்னு மிஸ்டர் லாஷ் கையைப் பிடிச்சுச் சொல்லியிருந்தாரு. 'அடுத்த தடவை உன் முறைதான் தம்பி'ன்னு. இவன் ஜெயிச்சுட்டா சாராயக்காரர் கோபப்படுவாரு, ஏற்பாடே போயிடும், என் முறையும் போயிடும். நான் எங்க சார் போவேன்? தோக்கறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

ரட் லாஷின் பக்கம் திரும்பினார். "மார்லுக்கும் இதையே சொல்லியிருந்தீங்களா?"

"எல்லாருக்கும் சொல்றதுதான். இல்லன்னா யாரு வருவாங்க?"

"அந்த மார்ச் மாச இடம்?"

லாஷ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அது போன கோடையிலேயே ஒரு பிஷப் மருமகனுக்குன்னு ஆயிடுச்சு."

ஸ்னெல் அதைக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரியாத கணக்கைப் பார்ப்பதுபோல லாஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கான்ஸ்டபிள்கள் மிசஸ் ஃபென்னை விட்டுவிட்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்தார்கள். கீழே இறங்கும்போது அவன் பையிலிருந்த பருப்புகள் படிகளில் சிந்திக்கொண்டே போயின.

வழக்கு ஒரே நாளில் முடிந்தது. ஒரே அறையில் இருந்த இரண்டு ஏழை வாலிபர்களுக்குள் ஏதோ தகராறு என்று அரசாங்க வக்கீல் சொன்னார். ஸ்னெல் எதையும் மறுக்கவில்லை. லாஷைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. முட்டாள்களைப் பற்றி ரட் எழுதிய பக்கத்தை யாரோ வழக்குக் கோப்பிலிருந்து உருவியிருந்தார்கள். ஸ்னெலைத் தூக்கில் போட்டார்கள். ஹாலோ உத்தியோகத்தில் சேர்ந்து அரசாங்கப் பேனாக்களைக் கடிக்க ஆரம்பித்தான். மார்லின் தாளை யாரும் திருத்தவில்லை. அவன் ஜெயித்தானா என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஏப்ரலில் ஒரு காலை, வேறு வேலையாக அந்தப் பக்கம் போன ரட், மனசு கேட்காமல் பீப்பாய் இலாகாவுக்குள் நுழைந்தார். மாடியில் மிசஸ் ஃபென் மூன்று மேசைகளையும் துடைத்துக்கொண்டிருந்தாள். புது மேல்துணி, சீவி முடிந்த தலை. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார்! நீங்க இல்லன்னா நான் இன்னிக்கு மண்ணுக்குள்ள. ஒரு நல்ல சேதி சொல்லட்டுமா? என் நெட்டுக்குச் சிபாரிசு கிடைச்சிடுச்சு!"

"நெட்டுக்கா? யார் குடுத்தது?"

"மிஸ்டர் லாஷேதான். உனக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டோம் மிசஸ் ஃபென், அதுக்கு ஒரு ஈடுன்னாரு. இன்னிக்கு முதல் தேர்வு. அதோ, அந்த ஓர மேசை."

ஓர மேசையை ரட் பார்த்தார். மார்ல் செத்துக் கிடந்த மேசை அது. வேண்டிய பையனுக்கான நடு மேசையில் மட்டும் புத்தம்புது பேனா இருந்தது.

"அம்மா, அன்னிக்கு நீங்களும் இங்கதானே நின்னீங்க. எல்லாத்தையும் கேட்டீங்களே."

அவள் துணியை உதறி மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"கேட்டேன் சார். எனக்குக் காது செவிடு இல்ல. இன்னிக்கு அவன் ஜெயிக்கக் கூடாது, தெரியும். ஆனா வேற எந்தக் கதவு திறந்திருக்கு, நீங்களே சொல்லுங்க? அவனுக்குப் பத்தொன்பதுதான் ஆகுது. இன்னும் வயசு இருக்கு. அடுத்த தடவை அவன் முறையாம். மிஸ்டர் லாஷ் அவன் கையைப் பிடிச்சே சொன்னாரு."

ரட்டுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. தொண்டையில் சளிதான் வந்தது. படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. இளசான, அவசரமான காலடி.

"பையன் யோசிக்கும்போது பேனாவைக் கடிப்பானா?" என்று கேட்டார்.

"கடிப்பான் சார், பொல்லாத பழக்கம்" என்றாள் மிசஸ் ஃபென், கதவைப் பார்த்துக்கொண்டே. "கடிக்கவே கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."